எந்தச் சாமி என்று கேட்பதற்கு முன்: தொல்பழங்கால மனித உருவங்களைப் பார்த்துப் பழக ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒரு மரப்பாச்சி ஜோடி இருக்கிறது. பாட்டி கல்யாணமாகி வந்தபோது சீரோடு வந்தது. நவராத்திரிக்குப் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு கொலுப்படியில் நிற்கும். மற்ற நாட்களில் பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவோம். கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் அதையே கல்லில் உரைத்துப் பூசுவார்கள். இன்னும் ஐயாயிரம் ஆண்டுகள் கழித்து, மட்காமல் தப்பிய அந்த ஜோடியை யாராவது மண்ணிலிருந்து எடுத்தால் என்ன எழுதுவார்கள்? பக்கத்தில் எழுத்து எதுவும் கிடைக்காவிட்டால் 'ஆண் தெய்வமும் பெண் தெய்வமும்' என்று எழுதக்கூடும். கொலுவில் நின்ற பொம்மையைப் பற்றி அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சீர், விளையாட்டு, மருந்து எல்லாம் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடும்.

எழுத்து பிறப்பதற்கு முன் மனிதர்கள் செய்த சின்னச் சின்ன மனித உருவங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் பார்த்திருப்பீர்கள்: பருத்த உடல், முகமில்லாத தலை, கீழே 'தாய் தெய்வம்' என்று ஒரு வரி. அந்த வரியைத் தாண்டிப் போனால், அந்த மக்கள் தங்களை எப்படிப் பார்த்தார்கள், யாரை மதித்தார்கள், இறந்தவர்களோடு எப்படி உறவு வைத்திருந்தார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்துகொள்ள முடியும். ஒரு நோட்டுப் புத்தகமும் அளவுகோலும் உருண்டை களிமண்ணும் போதும்.

முதல் படி: பெயரை மூடி வையுங்கள்

ஐரோப்பாவில் கிடைத்த பழைய கற்காலப் பெண் உருவங்களை இன்றும் 'வீனஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். 1860களில் பிரான்சின் லோஜெரி-பாஸ் என்ற இடத்தில் தலையில்லாத ஒரு தந்த உருவம் கிடைத்தது. கண்டெடுத்த விப்ரே பிரபு அதற்கு 'வெட்கமற்ற வீனஸ்' என்று பெயர் வைத்தார். ரோமானியர்களின் காதல் தெய்வத்துக்கும் அந்த உருவத்துக்கும் நடுவே பல ஆயிரம் ஆண்டு இடைவெளி. அப்படியும் பெயர் ஒட்டிக்கொண்டது. 'வீனஸ்' என்று கேட்டதுமே நம் மனம் அழகு, காமம், தெய்வம் என்று ஓடத் தொடங்கிவிடுகிறது. 'தாய் தெய்வம்' என்ற பெயரும் அப்படித்தான், கேட்டவுடன் கருவளம், பூசை என்று ஒரு கதையைக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே படத்தின் கீழே உள்ள பெயரைக் கையால் மறைத்துவிட்டு, கண்ணில் படுவதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். 'உட்கார்ந்த உருவம். கைகள் மார்பின் மேல். பாதம் இல்லை. முகத்தில் கண், வாய் எதுவும் செதுக்கவில்லை.' 'கர்ப்பிணி' என்று எழுதக் கை போனால் நிறுத்துங்கள். வயிறு பெரிதாக இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அது கர்ப்பமா, வயதா, உடல் பருமனா என்பது பிறகு பேச வேண்டிய விஷயம். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பழக்கம் வராமல் அடுத்த படிகளால் பயன் கிடையாது.

இரண்டாம் படி: கையில் வைத்துப் பாருங்கள்

அருங்காட்சியகத்தில் கையில் தரமாட்டார்கள், அதனால் களிமண்ணை எடுங்கள். ஆஸ்திரியாவில் டானூப் ஆற்றங்கரை ஊரான வில்லென்டார்ஃபில் 1908ஆம் ஆண்டு கிடைத்த உருவத்தின் உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். புத்தகத்தில் முழுப் பக்கப் படமாகப் பார்த்துப் பழகியவர்கள் ஏதோ கோயில் சிலை என்றே நினைத்திருப்பார்கள். அதே அளவில் நீங்களே ஒன்று பிடித்துப் பாருங்கள், உள்ளங்கையில் அடங்கிவிடும். நிற்க வைத்தால் நிற்காது, ஏனென்றால் அதற்குப் பாதமே கிடையாது. அப்படியானால் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், படுக்க வைக்க வேண்டும், அல்லது மண்ணில் குத்தி வைக்க வேண்டும். தூரத்தில் நின்று கும்பிடும் சிலைக்கும் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளும் பொருளுக்கும் வேறுபாடு இருக்கிறதல்லவா? பார்த்து எழுதியதில் பிடிபடாத அந்த வேறுபாடு களிமண்ணைப் பிடித்ததும் புரிந்துவிடும்.

ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008ஆம் ஆண்டு கிடைத்தது இன்னும் சிறியது, ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கியது, குறைந்தது 35,000 ஆண்டுப் பழமை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு வளையம் இருக்கிறது, கயிறு கோத்துத் தொங்கவிட்டிருக்கலாம். கழுத்தில் தொங்கினால் அது அணிந்தவரின் உடலோடு சேர்ந்த பொருளாகிவிடும். 'இது யாருடைய உருவம்' என்பதோடு 'இது யார் உடலில் இருந்தது' என்றும் கேட்க வேண்டும்.

எதனால் செய்தது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வில்லென்டார்ஃப் உருவத்தின் சுண்ணாம்புக்கல் அந்தப் பக்கத்துக் கல் கிடையாது. 2022இல் வெளியான, எக்ஸ்ரே ஸ்கேனால் கல்லின் உட்பகுதியைப் பார்த்த ஆய்வு, அந்தக் கல் பெரும்பாலும் வட இத்தாலியில் கார்டா ஏரிப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டியது. நடுவில் ஆல்ப்ஸ் மலை நிற்கிறது. கல்லாகப் போனதா, செதுக்கிய உருவமாகவே போனதா, ஒரே தலைமுறையில் போய்ச் சேர்ந்ததா, பல கை மாறியதா என்றெல்லாம் யோசிக்கலாம். எப்படியானாலும் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைக்கார மக்கள் ஒரு சின்னக் கல்லை அவ்வளவு தூரம் மதித்துச் சுமந்திருக்கிறார்கள். அந்த உருவத்தைப் பற்றிக் கேட்ட செய்திகளில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான்.

மூன்றாம் படி: எங்கே கிடந்தது?

நேரம் குறைவாக இருந்தால் மற்ற படிகளை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

துருக்கியில் கோன்யா சமவெளியில் சாத்தால்ஹூயூக் என்று ஒரு மேடு இருக்கிறது. கி.மு. 7100 முதல் கி.மு. 5950 வரை மக்கள் வாழ்ந்த பெரிய ஊர். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், தெருவே கிடையாது, கூரை வழியாக ஏணியில் இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். 1961இல் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் இங்கே ஒரு மண் உருவத்தைக் கண்டெடுத்தார். பருத்த பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் சிறுத்தை போன்ற விலங்குகள், அவற்றின் தலைமேல் கைகள். உயரம் ஒரு சாண்கூட இல்லை. அங்காரா அருங்காட்சியகத்தில் இன்று நீங்கள் பார்க்கும் தலை அந்தக் காலத்தது கிடையாது, பின்னால் செய்து வைத்தது. மெல்லார்ட் அவரைத் தாய் தெய்வம் என்றார், உலகமும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

சரி, அது எங்கே கிடந்தது? தானியம் சேர்த்து வைக்கும் குதிரில். நம் வீட்டில் நெல் குதிருக்குள் ஒரு பொம்மையைப் போட்டு வைத்தால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தானியம் பெருகட்டும் என்ற வேண்டுதலாக இருக்கலாம். பிள்ளைகள் ஒளித்து வைத்ததாக இருக்கலாம். பயன் முடிந்தபின் பத்திரமாகப் போட்டதாகவும் இருக்கலாம்.

1993 முதல் கால் நூற்றாண்டு அங்கே அகழாய்வு நடத்திய இயன் ஹாடரின் குழுவில், லின் மெஸ்கல் இந்த உருவங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து ஆராய்ந்தார். கிடைத்தவை ஏறக்குறைய 2,000. பெரும்பாலானவை விலங்குகள். தெளிவாகப் பெண் என்று சொல்லக்கூடியவை மிகச் சிறிய பங்கு. இன்னும் முக்கியமானது, பெரும்பாலும் அவை கிடந்த இடம் குப்பைமேடு. பீடத்திலோ தனியான பூசை இடத்திலோ வைத்துக் காப்பாற்றியதற்குத் தடயம் குறைவு. செய்வதற்குக் கொஞ்ச நேரம், பிறகு சிறிது காலம் கையில் இருக்கும், அப்புறம் குப்பை. சாமி என்று வணங்கிய பொருளை இப்படிக் கொட்டுவார்களா? கொட்டலாம், நம் ஊரில் களிமண் பிள்ளையாரைப் பூசை முடிந்ததும் கிணற்றில் கரைத்துவிடுகிறோம். ஆக குப்பைமேட்டில் கிடந்ததால் மட்டும் அது சாமி கிடையாது என்று முடிவு கட்டவும் முடியாது.

அதே ஊரில் 2016இல் வேறு மாதிரி ஒன்று கிடைத்தது. கல்லில் செதுக்கிய பெண் உருவம், 17 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு கிலோ எடை, உடையாமல் முழுசாக. வீட்டுக்குள் இருந்த ஒரு திண்ணைக்கு அடியில், எரிமலைக் கண்ணாடிக் கல்துண்டு ஒன்றோடு, கவனமாக வைத்திருந்தார்கள். எறிந்தது ஒன்று, வைத்தது ஒன்று. ஒரே ஊரில்கூட எல்லா உருவமும் ஒரே வேலைக்குச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை.

இடம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிரேக்கத்தின் சைக்ளாடிஸ் தீவுகளைப் பாருங்கள். வெள்ளைப் பளிங்கில், மூக்கு மட்டும் துருத்திய முகத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் உருவங்கள். நவீனக் கலைக்கு நெருக்கமாகத் தெரிந்ததால் இருபதாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கல்லறைகள் கொள்ளை போயின, போலிகளும் கலந்தன. 1993இல் டேவிட் கில், கிறிஸ்டோபர் சிப்பின்டேல் இருவரும் கணக்கெடுத்தபோது, தெரிந்திருந்த சுமார் 1,600 உருவங்களில் பத்தில் ஒன்றுதான் முறையான அகழாய்வில் கிடைத்தது என்று தெரிந்தது. மற்றவை அழகாக இருக்கின்றன, ஆனால் யாருடைய கல்லறையில் யாருக்குப் பக்கத்தில் கிடந்தன என்ற சேதி போய்விட்டது, இனித் திரும்ப வராது. எனவே இணையத்தில் ஒரு படம் பார்த்தால், கிடைத்த ஊர், ஆண்டு, மண்ணடுக்கு மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'தனியார் சேகரிப்பு' என்று மட்டும் இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

நான்காம் படி: உடைந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள்

உடைந்தது என்றால் பாழானது என்று நினைக்கிறோம். உடைசலில்தான் அந்தப் பொருளை என்ன செய்தார்கள் என்ற தடயம் இருக்கும்.

செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்ஸேயில் 1925இல் ஒரு சுடுமண் பெண் உருவம் அடுப்புச் சாம்பலில் இரண்டு துண்டாகக் கிடைத்தது. 25,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமை. பானை வனையத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே மண்ணைச் சுட்டிருக்கிறார்கள்! அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகள் கிடந்தன, சிங்கம், கரடி, மாமூத் என்று. 1989இல் அந்த மண்ணைச் சோதித்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அந்தப் பகுதி மண் சூட்டைத் தாங்கக்கூடியது, சாதாரணமாகச் சுட்டால் அவ்வளவு எளிதில் வெடிக்காது. ஈரம் காயாமலேயே கடும் நெருப்பில் போட்டால்தான் இப்படிச் சிதறும். ஒருவேளை அந்த மக்கள் விரும்பியது உருவத்தைக் காட்டிலும், நெருப்பில் அது வெடிக்கும் சத்தத்தையும் காட்சியையும்தானோ என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கு இது நல்ல கேள்வியாகப் படுகிறது. பொருளைப் பத்திரப்படுத்துவதுதான் மதிப்பு என்பது நம் காலத்து எண்ணம்.

ஜப்பானில் எழுத்துக்கு வெகு காலம் முந்தைய ஜோமோன் காலத்து மண் உருவங்களை 'தோகூ' என்பார்கள். இதுவரை பதினைந்தாயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, மிகப் பெரும்பாலானவை உடைந்தவை. வேண்டுமென்றே உடைத்தார்கள், நோயை உருவத்தில் ஏற்றி உடைத்து எறிந்தார்கள் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. ஆனால் ஹச்சினோஹே நகரில் கசஹாரி என்ற இடத்தில் கிடைத்த, குந்தி உட்கார்ந்து கைகூப்பியது போன்ற உருவத்தைப் பாருங்கள். உடைந்த காலை இயற்கைத் தாரால் ஒட்டியிருக்கிறார்கள். உடைப்பதற்கென்றே செய்திருந்தால் ஏன் ஒட்ட வேண்டும்? இந்த ஒரு சொட்டுத் தார் அந்தப் பெரிய விளக்கத்தையே ஆட்டிவிடுகிறது.

சைக்ளாடிஸ் தீவுகளில் ஒன்றான கேரோஸிலோ நிலைமை தலைகீழ். அங்கே சைக்ளாடிஸ் உருவங்கள் துண்டு துண்டாகக் குவிந்து கிடந்தன. தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூவின் குழு ஆராய்ந்தபோது, ஒட்டக்கூடிய துண்டுகள் பக்கத்தில் இல்லை. மற்றத் தீவுகளில் உடைத்து, ஒரு துண்டை மட்டும் படகில் கொண்டுவந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் பொருந்துகிறது. மீதித் துண்டு ஊரிலேயே இருந்திருக்கும். தீவுகளுக்கு இடையே உறவு கட்டிய விதம் இது என்று நான் நினைக்கிறேன்.

நோட்டில் எழுத வேண்டியவை: எந்த இடத்தில் உடைந்தது (கழுத்தா, இடுப்பா), உடைந்த ஓரம் தேய்ந்திருக்கிறதா, ஒட்டு உண்டா, மற்றத் துண்டு கிடைத்ததா.

ஐந்தாம் படி: உடம்பில் என்ன இருக்கிறது?

வில்லென்டார்ஃப் உருவத்தின் தலையில் வரிவரியாகச் சுற்றியிருப்பதைப் பின்னல் என்றார்கள். ஓல்கா சோஃபர் முதலிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் அதைப் பின்னிய தொப்பி என்று வாதிட்டார்கள், கூடை முடைவது போலச் சுழன்று சுழன்று போகிறது என்று. பிரான்சின் லெஸ்ப்யூக் உருவத்தின் பின்புறம் கயிறுகள் தொங்கும் பாவாடை தெரிகிறது. ரஷ்யாவின் கோஸ்தென்கி உருவங்களில் மார்புக்கு மேல் பட்டைகளும் இடுப்பில் கச்சையும் உண்டு. நூலும் துணியும் மண்ணில் மட்கிப் போய்விடும். கல்லில் செதுக்கிய துணி மட்கவில்லை. வேட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆய்வில், நூல் திரித்து முடைந்தவர்களின் கைவேலை இப்படித்தான் வெளியே வந்தது.

சைபீரியாவின் மால்தாவிலும் புரேத்திலும் கிடைத்த தந்த உருவங்களில் சில, தலையோடு மூடிய உரோமச் சட்டை போட்டிருக்கின்றன. முகமும் உண்டு. ஆகவே 'பழைய கற்காலப் பெண் உருவம் என்றால் முகமில்லாமல், ஆடையில்லாமல்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஊரின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள்

அழகான ஒன்று புத்தக அட்டையில் வரும். அதோடு கிடந்த நூறு கோணல்மாணல் பொம்மைகள் கிடங்கில் இருக்கும். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை விலங்கு, எதுவென்றே சொல்ல முடியாதவை எத்தனை என்று கேளுங்கள். 1960களில் தொல்லியலாளர் பீட்டர் உக்கோ, எகிப்து, கிரீட் உருவங்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். பால் அடையாளமே இல்லாதவை ஏராளம் என்று அவர் காட்டியபோது, எங்கும் ஒரே தாய் தெய்வம் என்ற வாதம் ஆட்டம் கண்டது. பொம்மை, சடங்குப் பொருள், பிள்ளை வரம் வேண்டிச் செய்தது, இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் கருவி எனப் பல பயன் இருக்கலாம் என்றும் சொன்னார். நம் கிராமங்களில் நேர்த்திக்கடனுக்கு மண்ணில் செய்து வைக்கும் பிள்ளை உருவங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே உருவம் சாமியைக் காட்டாது, வேண்டிக்கொண்டவரின் குழந்தையைத்தான் காட்டும். இதனால் சாத்தால்ஹூயூக்கிலும் நேர்த்திக்கடன்தான் என்று சொல்லிவிடக் கூடாது. இத்தனை வாய்ப்புகள் இருக்கின்றன என்று மனதைத் திறந்து வைக்க மட்டுமே நம் வழக்கம் உதவும்.

ஆணா பெண்ணா என்று தவிக்கவும் வேண்டாம். ஜெர்மனியில் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடெல் குகையில் 1939இல் துண்டுகளாகக் கிடைத்த 31 சென்டிமீட்டர் தந்த உருவத்துக்குச் சிங்கத் தலையும் மனித உடலும். அது ஆண் என்றும் பெண் என்றும் பல ஆண்டு வாதாடினார்கள். செய்தவருக்கு அதைவிட, மனிதனும் விலங்கும் ஒரே உடம்பில் இருப்பது முக்கியமாக இருந்திருக்கலாம்.

ஏழாம் படி: எலும்போடு ஒப்பிடுங்கள்

உருவங்கள் மக்கள் சொல்ல விரும்பியதைச் சொல்கின்றன. எலும்புகள் அவர்கள் வாழ்ந்ததைச் சொல்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சாத்தால்ஹூயூக்கில் பெண் தெய்வம், பெண்கள் ஆட்சி என்று கதை கட்டியவர்கள் உண்டு. எலும்பாய்வோ ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி உணவு உண்டதாகக் காட்டியது. அடுப்புப் புகையின் கரி இரு பாலாரின் விலா எலும்பிலும் படிந்திருந்தது. யாரும் யாரையும் ஆண்டதற்கான அடையாளம் அங்கே தெரியவில்லை. பருத்துத் தளர்ந்த உடலோடு இருக்கும் உருவங்களை, மதிப்புப் பெற்ற வயதான பெண்களாகப் பார்க்கலாம் என்று மெஸ்கல் சொல்கிறார். கருவளத்தைத் தேடிய இடத்தில் முதுமை வந்து நிற்கிறது.

அந்த ஊரில் தலையைப் பற்றியும் ஏதோ தனி நினைப்பு இருந்திருக்கிறது. புதைத்த சிலரின் மண்டையோட்டைப் பிறகு எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் கல்லறையில், சுண்ணச்சாந்து பூசி முகம் செய்து வண்ணம் தீட்டிய வேறொருவரின் மண்டையோட்டை அவர் மார்போடு அணைத்தபடி கிடந்தார். உருவங்களிலோ பலவற்றுக்குத் தலையில்லை. சிலவற்றின் கழுத்தில் துளை இருக்கிறது, தலையை மாற்றி மாற்றிச் செருகலாம். ஓர் உருவத்தின் முன்பக்கம் மார்பும் வயிறும் பருத்த பெண், பின்பக்கம் விலா எலும்பும் முதுகெலும்பும் தெரியும் எலும்புக்கூடு. அதற்கும் தலை இல்லை, செருகும் துளை மட்டும்தான். ஓர் ஆள் யார் என்பது தலையில் இருக்கிறது, அந்தத் தலை உடலை விட்டுப் போகலாம், வேறு கைக்கு மாறலாம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். உயிரோடிருப்பதும் இறந்திருப்பதும் ஒரே உடம்பின் இரண்டு பக்கம் என்றும் எண்ணியிருக்கலாம்.

எட்டாம் படி: மூன்று பத்தியாக எழுதுங்கள்

கடைசியாக நோட்டின் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கண்ணால் பார்த்ததும் அளந்ததும். இரண்டாவதில் அதிலிருந்து பொருத்தமாகச் சொல்லக்கூடியது. மூன்றாவதில் உங்கள் ஆசை, கற்பனை எல்லாம் வரட்டும், அதுவும் தேவைதான், ஆனால் அது மூன்றாவது பத்தியை விட்டு வெளியே வரக்கூடாது.

டோல்னி வெஸ்டோனிட்ஸே பெண் உருவத்தையே எடுத்துக்கொள்வோம். அதை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சுடுவதற்கு முன் பதிந்த ஒரு விரல் ரேகை தெரிந்தது. முதல் பத்தி: முதுகுப் பக்கம் ஒரு ரேகை. இரண்டாம் பத்தி: ரேகையின் அளவைப் பார்த்தால் தொட்டவருக்கு 7 முதல் 15 வயதுக்குள் இருக்கும், மண் அப்போது ஈரமாக இருந்தது, எனவே உருவம் செய்த இடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாம் பத்தியில் நான் எழுதி வைத்திருப்பது: 'அடுப்புப் பக்கத்தில் காய வைத்திருந்ததை ஒரு பிள்ளை எடுத்துப் பார்த்திருக்கிறது. யாரும் திட்டவில்லை.'